வேற என்ன செய்யிறது தம்பி?

போன வருடம் சில மாதங்கள் நண்பர் ஒருவர் ஜோர்ஜ்டவுன் கைவினைஞர்களைப் பற்றிச் சின்னச் சின்னக் காணொளிகள் எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். சனிக்கிழமைகளில் எனக்குத் தொழிற்சாலை இல்லை என்பதால் மைக்கையும் விளக்கையும் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போவேன். பைராம் தோட்டத்திலிருந்து கிளம்பி, இரண்டாவது பாலம் ஏறித் தீவுக்குள் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். வழி முழுக்க அவர் அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவார். ஆட்கள் மாறினாலும் முதல் கேள்வி மட்டும் மாறாது. "இந்தக் கலைக்குள்ள எப்படி வந்தீங்க?"

கேள்வியில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று எனக்கு ரொம்ப நாள் தோன்றவே இல்லை. கடைத்தெருவில் பூமாலை கட்டும் ஓர் அக்காவிடம் கேட்ட அன்றுதான் தோன்றியது. அவர் கையை நிறுத்தவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "வேற என்ன செய்யிறது தம்பி?" என்றார்.

நண்பர் விடவில்லை. சின்ன வயசிலேயே பூ மேல ஆசை இருந்துச்சா, யாராவது கட்டுறதப் பார்த்து மனசுல ஏதாச்சும் தோணுச்சா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். "வீட்டுக்காரரு தவறிட்டாரு. ரெண்டு புள்ளைங்க. மாமியார் கட்டிக்கிட்டு இருந்தாங்க, நானும் பக்கத்துல உக்காந்துட்டேன்." அதற்கு மேல் அவரிடம் கதை இல்லை.

காணொளி வெளிவந்தபோது அந்தப் பதில் அதில் இல்லை. விரல்கள் பெரிதாகத் தெரிந்தன. புல்லாங்குழல் ஒலித்தது. பூக்களின் மேல் சிறுவயதிலிருந்தே கொண்ட காதல் என்று ஒரு வரி திரையில் ஓடியது. அப்படி அவர் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். மைக்கைப் பிடித்திருந்தது நான். ஆனாலும் நண்பரிடம் எதுவும் சொல்லவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்று செய்தி அனுப்பினேன்.

அந்தச் செய்தி இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அதுதான்.

*

ஜோர்ஜ்டவுனில் பழைய தொழில்களுக்கு இப்போது ஒரு மவுசு உண்டு. 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்த்து இந்த நகரத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டது. பினாங்கு மரபு அறக்கட்டளை அதற்கும் முன்பே மூத்த கைவினைஞர்களை 'வாழும் மரபுச் செல்வங்கள்' என்று பெயர் சூட்டிக் கௌரவிக்கத் தொடங்கியிருந்தது. சூலியா ஸ்திரீட்டில் நாகூர் தர்காவை ஒட்டிச் சொங்கோக் தைக்கும் ஹாஜா மொஹிதீனை, கடைப் பெயர்ப்பலகைகளில் சீன எழுத்துகளைச் செதுக்கும் கோக் ஆ வாவை எல்லாம் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதிவிட்டன. இருவர் கதையிலும் 'எப்படி வந்தீர்கள்' என்ற இடம் ஒரே வரியில் முடிந்துவிடும். அப்பா செய்தார், அவரிடம் கற்றுக்கொண்டார். கட்டுரை எழுதுபவர்தான் அந்த இடத்தில் நின்று உணர்ச்சியைத் தேடுகிறார்.

அந்தக் கட்டுரைகள் அவ்வளவாகச் சொல்லாத ஒன்று உண்டு. வாடகை. பினாங்கில் பழைய கடைவீடுகளுக்குப் பல பத்தாண்டுகள் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. போருக்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. ஐந்தடிப் பாதையில் ஒரு மேசையைப் போட்டு நாளுக்கு நாலு சொங்கோக் தைத்தும் ஒரு குடும்பம் பிழைக்க முடிந்ததற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். 2000 ஜனவரி 1-இல் அது இல்லாமல் போனது. வாடகை ஏறியது, குடியிருந்தவர்கள் கிளம்பினார்கள். அவர்களோடு பல தொழில்களும் கிளம்பின. எட்டு வருடம் கழித்து யுனெஸ்கோ வந்தபோது மிச்சமிருந்தவர்களை நாம் செல்வங்கள் என்றோம். போனவர்களுக்குத் தொழில்மேல் பற்று குறைவாக இருந்தது என்றா சொல்வது? நான் பொறியாளன். ஒரு சோதனையில் வெப்பநிலையை மாற்றிவிட்டு, விளைவுக்குப் பொருளின் குணத்தைக் காரணம் காட்டினால் என் மேலாளர் அறிக்கையைத் திருப்பி எறிவார்.

சரி, வாடகை வேறு, மனசு வேறு என்று ஒருவர் சொல்லலாம். மனசுக்கே வருகிறேன்.

நண்பரின் கேள்வி ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் கேட்கப்பட்டது. ஆங்கிலத்தில் அதற்குச் சொல் உண்டு. எங்கிருந்தோ ஒரு குரல் அழைக்கிறது, மனிதன் எழுந்து போகிறான். தமிழில் அதை எப்படிச் சொல்வது என்று தேடினால், கையில் முதலில் தட்டுப்படுவது 'குலத்தொழில்'. அதில் குரலும் இல்லை, எழுந்து போவதும் இல்லை. இருந்த இடத்திலேயே இருப்பதுதான் அதன் பொருள். இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1953-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்கட்டும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்பது திட்டம். எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். குயவர் மகன் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணைப் பழகுவது அழகான காட்சிதான். காணொளி எடுத்தால் புல்லாங்குழல் போடலாம். அந்தக் காட்சியைத்தான் ஒரு தலைமுறையே வேண்டாம் என்றது. அவர்கள் சக்கரத்தை வெறுக்கவில்லை. எழுந்து போக விடாத பாயைத்தான் வெறுத்தார்கள்.

*

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது நடனத்தின் கதை. நான் நாட்டியம் அறிந்தவன் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான இடம் தமிழில் இல்லை என்று நினைக்கிறேன்.

ருக்மிணி தேவி 1904-இல் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். அந்தக் காலத்தில் அதுவே பெரிய கலகம். பயணங்களில் ருஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவோடு நட்பாகி, பாலே கற்கப் போனார். உன் நாட்டுக் கலையைத் தேடிப் பார் என்று பாவ்லோவா தூண்டினார் என்பது எல்லாரும் சொல்லும் கதை. 1930-களின் தொடக்கத்தில் சென்னை மியூசிக் அகாடமியில் சதிர் பார்த்தார், கற்றார். 1935-இல் அடையாற்றில் மேடையேறினார், அடுத்த வருடம் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். அழைப்பு என்றால் இதுதான் அழைப்பு. ஒரு தூண்டுதல், ஒரு தரிசனம், ஒரு கலகம். மூன்று நிமிடக் காணொளிக்குள் அப்படியே உட்காரும்.

பாலசரஸ்வதியின் கதை அப்படி உட்காராது. 1918-இல் பிறந்தவர், வீணை தனம்மாளின் பேத்தி. தலைமுறை தலைமுறையாக இசையும் நடனமும் இருந்த வீடு. 1925-இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். குலத்தொழில் என்று சொல்லி முடித்துவிடலாம் போல இருக்கும். ஆனால் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் விஷயம் அப்படி இல்லை. அந்தக் காலத்தில் சதிருக்கு இருந்த அவப்பெயரால் அவருடைய வீட்டிலேயே தயக்கம் இருந்தது. பாட்டு போதும், ஆட்டம் எதற்கு என்ற பேச்சு. அந்தக் குழந்தைதான், மயிலாப்பூர் கௌரி அம்மாள் ஆடியதைப் பார்த்துவிட்டு ஆடியே தீருவேன் என்று நின்றது. தாய் ஜெயம்மாள் மகள் பக்கம் நின்றார். கந்தப்பா பிள்ளையின் கடுமையான பயிற்சி தொடங்கியது. வெளியே போகும் கதவு திறந்திருந்தது, போ என்று சிலர் தள்ளவும் செய்தார்கள். அவர் போகவில்லை. பிறந்த வீட்டுக்குள்ளேயே இருந்தாலும் அதுவும் தேர்வுதான்.

இந்த இரண்டு பேரையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவது வழக்கம். என் கண் போனது கௌரி அம்மாள் மேல். மயிலை கபாலீஸ்வரர் கோயிலைச் சேர்ந்த தேவதாசி அவர். பாலசரஸ்வதியின் கண்ணைத் திறந்தது அவருடைய ஆட்டம். ருக்மிணி தேவிக்கும் நடனம் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பெரிய அழைப்புக் கதைகளிலும் அழைத்த குரல் ஏறக்குறைய அவருடையதுதான். ஆனால் அவரை அழைத்தது எது? அந்தக் கேள்வியை யாரும் எழுப்பியதாக நான் படித்ததில் தென்படவில்லை. கடைசிக் காலம் வறுமையில் கழிந்தது என்பதை மட்டும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அவர் இருந்த அமைப்பைச் சட்டத்தால் மூடப் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1947-இல் சட்டம் வந்தது. முத்துலட்சுமியின் தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். அந்த வாழ்க்கையை உள்ளேயிருந்து அறிந்த வீட்டின் மகள்தான் அந்தக் கதவைச் சாத்தினார். சாத்தும்போது சிறுமிகள் காப்பாற்றப்பட்டார்கள். கலையோடு வாழ்ந்த பெண்கள் பலர் வெளியே நின்றார்கள். இரண்டும் நடந்தது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க எனக்கு முடியவில்லை.

இந்த இடத்தில் என் பாட்டியைக் கொண்டுவருகிறேன். கௌரி அம்மாள் பெரிய கலைஞர், என் பாட்டி தோட்டக்காட்டில் பால் வெட்டியவர். ஒப்பீடு பொருந்தாது என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது.

*

பாட்டி கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் கெடா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு எங்கள் குடும்பம் இந்தப் பக்கம் நகர்ந்தது. நான் படித்த யூ.எஸ்.எம். பொறியியல் வளாகம் நிபோங் திபாலிலேயே இருந்ததால் வார இறுதியில் வீட்டில்தான் இருப்பேன். ஒரு முறை ஆய்வுக்கூட வேலைக்காக வாங்கிய டிஜிட்டல் காலிப்பரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை இது காட்டும் பாட்டி என்று பெருமையடித்தேன். பாட்டி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாங்க பட்டைய சீவுறப்போ உள்ள இவ்ளோண்டு விட்டுடணும்," என்று தன் கட்டைவிரல் நகத்தின் கனத்தைக் காட்டினார்.

பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டது இது. ரப்பர் மரத்தின் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே காம்பியம் என்ற மெல்லிய படலம் இருக்கிறது. பால் குழாய்கள் அதிகம் இருப்பது அதை ஒட்டிய உள்பட்டையில்தான். ஆகவே ஆழமாக வெட்டினால் பால் கூடும். ஆனால் கத்தி காம்பியத்தைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில வருடம் கழித்து அந்தப் பக்கம் திரும்ப வெட்ட வரும்போது உளி ஓடாது. அதனால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் சீவும் பட்டையும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் சீவினால் மரத்தின் ஆயுளைத் தின்பதாகும். கோடு இடது மேலிருந்து வலது கீழே சரிய வேண்டும். பால் குழாய்கள் மரத்தில் நேராக ஏறாமல் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன, அப்படிச் சரித்தால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். விடிவதற்கு முன் வெட்ட வேண்டும். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் சீக்கிரம் நின்றுவிடும். பட்டையை மெல்லச் சீவி ஒரே கோட்டைத் திரும்பத் திரும்பத் திறக்கும் இந்த முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ஆராய்ந்து பரப்பியவர் என்று ஹென்றி ரிட்லியின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. நியாயம்தான். ஆனால் இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், அளவுகோல் இல்லாமல், ஒரு மரத்துக்குச் சில நொடிகளில், ஒரு காலையில் நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஒரு மில்லிமீட்டரை விட்டது பாட்டி மாதிரியான கைகள். எங்கள் தொழிற்சாலையில் அந்தத் துல்லியத்துக்கு ஒரு இயந்திரமும், அந்த இயந்திரத்தைச் சரிபார்க்க இன்னொரு இயந்திரமும் இருக்கிறது.

"உங்களுக்கு அந்த வேலை புடிச்சிருந்துச்சா பாட்டி?" என்று கேட்டேன்.

பாட்டி சிரித்தார். "புடிச்சா என்னா, புடிக்காட்டி என்னா. விடியக்காலம் பெரட்டுல நிக்கணும். மழை பேஞ்சா சம்பளம் இல்ல."

மாலை கட்டும் அக்காவின் பதிலும் இதுதான். ஆனால் பாட்டி அதோடு நிறுத்தவில்லை. பெரிய மாமா பிறந்தபோது அவருடைய நிரையைச் சில வாரம் வேறொரு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். திரும்பிப் போய்ப் பார்த்தால் மரமெல்லாம் காயம். பால் கூட வரட்டும் என்று அந்த ஆள் உளியை அழுத்தியிருக்கிறான். "ஓடையோரம் ஒரு மரம், வழவழன்னு இருக்கும். அதப் போயி நெஞ்சு வரைக்கும் கொத்தி வெச்சிருந்தான் பாவி." சொல்லும்போது பாட்டிக்கு எழுபத்தைந்து வயது. அந்தத் தோட்டமே அப்போது இல்லை. மரம் துரையுடையது, பட்டை கெட்டால் நஷ்டமும் துரைக்குத்தான். ஆனாலும் அவர் குரலில் இருந்தது அசல் கோபம். பேசிக்கொண்டே வலது கையை மடக்கி, இல்லாத ஒரு மரத்தில் அந்தக் கோட்டை மெதுவாக இழுத்துக் காட்டினார்.

பாட்டி இறந்த பிறகு இதை ஒரு கட்டுரையாக எழுத ஆரம்பித்தேன். கலைஞர், சிற்பி, உளி என்று சொற்கள் தாமாக வந்து விழுந்தன. பெறாயில் ஒரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டராக இருபது வருடம் நின்ற என் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மா பாதியிலேயே எழுந்துவிட்டார்.

"அதெல்லாம் எழுதாத. எங்கள யாரும் உளியத் தொடவே விடமாட்டாங்க உன் பாட்டி. தொட்டா அடி விழும். நீ என்னமோ அவங்க சந்தோஷமா போய் செதுக்குன மாதிரி எழுதி வெச்சிருக்க."

முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் கேட்டது அம்மாவின் இந்தக் குரல்தான். அந்த வேலையின் அழகு எனக்குத் தெரிவதற்கே காரணம், அந்த வேலையை நான் செய்ய வேண்டியதில்லை என்பது. தூரத்திலிருந்து பார்த்து மயங்கும் இடத்தில் நின்றுகொண்டு நானும் என் காணொளிக்குப் புல்லாங்குழல் தேடிக்கொண்டிருந்தேன். கட்டுரையை அழித்தேன்.

ஆனால் அழித்த பிறகும் அந்த ஓடையோரத்து மரம் போகவில்லை. அம்மா சொன்னது சரி என்றால், பாட்டியின் கோபம் என்ன? கட்டாயத்தில் செய்த வேலைக்குக் காயம்பட்ட மரத்தை நினைத்து நாற்பது வருடம் யாராவது குமுறுவார்களா? குமுறுகிறார்கள். வயிற்றுக்காக உட்காரும் பாயில்தான் கை பழகுகிறது. பழகிய கைக்கு ஒரு கட்டத்தில் மோசமான வேலை பொறுப்பதில்லை. அது முதலாளிக்கு விசுவாசமும் இல்லை, கலைத் தாகமும் இல்லை. அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் பாட்டியிடம் இருந்ததிலேயே துரை கொடுக்காததும் துரையால் எடுக்க முடியாததும் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது என் கணக்கு இப்படி இருக்கிறது. 'அழைப்பு' என்ற சொல்லை, கதவு திறந்திருந்தும் உள்ளே போனவர்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ருக்மிணி தேவிக்கு அது பொருந்தும், பாலசரஸ்வதிக்கு இன்னும் பொருந்தும். பாட்டிக்கு அதைக் கொடுத்தால் அவர் அடைபட்டிருந்ததை நான் மன்னித்ததாக ஆகிவிடும். ஆனால் அழைப்பு இல்லை என்பதற்காக அந்த ஒரு மில்லிமீட்டரை அவரிடமிருந்து பிடுங்கவும் கூடாது. பிழைப்பு என்று சொல்லிப் பிடுங்குவதும், காதல் என்று சொல்லி மூடுவதும் எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகிறது.

(என் சொந்தக் கதையைக் கேட்பவர்களுக்கு: ஐந்தாம் படிவம் வரை படம் வரைவேன். எஸ்.பி.எம். முடிந்ததும் நாலு சித்தப்பாக்கள் கூடிப் பேசி மெட்ரிகுலேஷன் என்றார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இப்போது இன்ஜினியரிங்தான் குலத்தொழில். யாரும் என்னைக் கட்டிவைக்கவில்லை, கதவு திறந்துதான் இருந்தது. நான் போகவில்லை. அதைப் பற்றிக் காணொளி எடுக்க ஒன்றும் இல்லை.)

*

மார்ச் மாதம் மறுபடி கடைத்தெருவுக்குப் போனேன், தனியாக. மைக் இல்லை. அக்காவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "வீடியோ பார்த்தேன் தம்பி. என் மக காட்டுனா. நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பூ மேல காதல்னு போட்டிருந்துச்சு. என் மக விழுந்து விழுந்து சிரிச்சா."

மன்னிப்பு மாதிரி ஏதோ முணுமுணுத்தேன். அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல், "மாலை கட்டுறதுல உங்களுக்குப் பொறுக்கவே பொறுக்காதது எதுக்கா?" என்று கேட்டேன்.

கை நின்றது. முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு பத்து நிமிடம் பேசினார். முடிச்சைத் தளர்வாகப் போட்டுவிட்டு அதை மறைக்கப் பூவை நெருக்கி வைப்பவர்களைப் பற்றி. நனைக்காத நாரைப் பற்றி. காலையில் கட்டியதைச் சாயங்காலம் தண்ணீர் தெளித்துப் புதுசு என்று விற்பதைப் பற்றி. சாமிக்குப் போகிறதோ பிணத்துக்குப் போகிறதோ முடிச்சு ஒரே முடிச்சுதான் என்றார். மகள் கணக்கியல் படிக்கிறாள், இந்தப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறாராம்.

பேச்சுக்கு நடுவே, பக்கத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் கட்டிவைத்த ஒரு முழத்தை எடுத்தார். விரலால் ஒரு முறை தடவினார். ஒன்றும் சொல்லாமல் அதை அவிழ்த்து, பூக்களைத் திரும்பத் தட்டில் கொட்டினார்.